கம்பைலரிடம் எதையும் மறைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

காவலூர் போய் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியைப் பார்த்ததிலிருந்து விண்மீன் படங்களைத் துலக்கும் நிரல் எழுதுகிறாய் போலிருக்கிறது. அந்தக் கணக்கெல்லாம் பெருக்கு, கூட்டு, மறுபடி பெருக்கு, கூட்டு. சக்தி சிப்பில் இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய ஒரு கட்டளை சேர்த்தால் சி நிரலுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். தானாகத் தெரியாது. கம்பைலருக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

ஐஐடி மெட்ராஸில் 2014-இல் தொடங்கிய சக்தி, ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுவது. 2017-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்தே ஜிசிசி கம்பைலருக்கு ரிஸ்க்-ஃபைவ் தெரியும். அதன் மூலநிரலில் ரிஸ்க்-ஃபைவுக்கான, ‘எம்டி’ என்று முடியும் கோப்பைத் திற. ஒரே அடைப்புக்குறிக் காடு, பயப்படாதே.

அதில் ஒரு கட்டளையை விவரிக்கும் பகுதிக்குப் பேட்டர்ன் என்று பெயர். முதலில் கூட்டல் பேட்டர்னைப் படி. பெயர், கட்டளை செய்யும் வேலை, அது எப்போது செல்லும் என்ற நிபந்தனை, கடைசியில்தான் அசெம்பிளி வரி. மூன்றாவது ஆப்பரண்ட், அதாவது கூட்டப்படும் இரண்டாவது மதிப்பு, ரெஜிஸ்டராக இருக்கலாம். எண் என்றால் 12 பிட்டில், அதாவது -2048 முதல் 2047-க்குள், அடங்க வேண்டும். 500-ஐ ஒரே ‘ஆட்ஐ’ கட்டளை கூட்டிவிடும். 5000 அடங்காது. அதை 4096, 904 என்று இரண்டு கட்டளைகளில் ஒரு ரெஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டு கூட்டுவதே வழக்கம்.

அசெம்பிளி வரி சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கம்பைலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை, அப்படியே அச்சடிக்கிறது. அது நம்புவது, வேலையைச் சொல்லும் பகுதியை மட்டும். இன்டெல் சிப்பில் கூட்டல், விடையோடு, அதன் தன்மையைக் குறித்துவைக்கும் ஃபிளாக்குகளையும் மாற்றும். பேட்டர்னில் அதைச் சொல்லாமல் விட்டால், ஓர் ஒப்பீட்டுக்கும் அதை நம்பியிருக்கும் தாவலுக்கும் நடுவே கம்பைலர் கூட்டலைச் செருகிவிடலாம். நிரல் தப்பான பக்கம் தாவும். பிழைச்செய்தி எதுவும் வராது. ரிஸ்க்-ஃபைவில் முழுஎண் கணக்குக்கு ஃபிளாக்குகளே கிடையாது. உனக்கு நிம்மதி.

உன் புதிய கட்டளைக்கான பேட்டர்னில் பெருக்கலை உள்ளே வைத்து, அதைக் கூட்டலின் முதல் ஆப்பரண்டாக எழுது. இடம் மாற்றி எழுதினாலும் கணக்கு ஒன்றுதான், ஆனால் ஜிசிசி சிக்கலான பக்கத்தை எப்போதும் முன்னால் வைக்கும்; உன் பேட்டர்ன் பொருந்தாமல் சும்மா கிடக்கும். தனித்தனியாக வரும் பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்துப் பார்ப்பது ‘கம்பைன்’ என்ற கட்டம். ‘ஓ2’ தேர்வைக் கொடுத்து, அந்தக் கட்டத்தின் விவரமான டம்ப்பையும், அதாவது அது செய்ததன் பதிவையும், கேட்டு வாங்கு. பொருந்தவில்லை என்றால், தான் தேடிய வடிவத்தை அதிலேயே அச்சடித்திருக்கும். உன்னுடையதைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்.

அன்புடன்,
அண்ணன்