நடுக்களத்து நாடோடி

கால்பந்தாட்டத்தில் யாருடைய தொழில் கடினமானது என்று கேட்டால், பலரும் கோல் காப்பவரைச் சொல்வார்கள். சிலர் கோல் அடிப்பவரைச் சொல்வார்கள். நான் நடுக்களத்தில் ஆடுகிறவரையே சொல்வேன். விடுதி அணியில் நானும் அந்த இடத்தில் ஆடுகிறவன். ஆகவே இது தன்கட்சி பேசுதல் என்று மன்றத்து நண்பர்கள் ஒதுக்கிவிடலாம். காரணத்தைக் கேட்ட பிறகு ஒதுக்குங்கள்.

கோல் காப்பவர் எந்த நாட்டுக்குப் போனாலும் இரு கம்பங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 7.32 மீட்டர்தான். முன்வரிசை ஆட்டக்காரருக்கும் அந்தக் கம்பங்களே குறி. நடுக்களத்தில் ஆடுகிறவருக்கு அப்படி நிலையான குறி ஒன்றும் இல்லை. முன்னே இருப்பவன் எந்தக் கணத்தில் ஓடத் தொடங்குவான், பின்னே நிற்பவன் பந்தை எந்தக் காலுக்குத் தருவான், பக்கத்தில் நிற்பவன் களைத்தால் எப்படி நிற்பான் என்று பத்துப் பேருடைய பழக்கங்களை அறிவதே அவர் கற்ற கல்வி. அணி மாறினால் அந்தக் கல்வியில் பெரும்பகுதி வீணாகிவிடும். ஊர் மாறுவதால் மிகுதியாக இழப்பவர் அவரே. அப்படி இருக்க, நான்கு நாடுகளில் ஆறு கழகங்களுக்கு ஆடி, அவற்றுள் மூன்றுக்கு ஐரோப்பாவின் முதற் கோப்பையை வென்று தந்தார் ஒருவர். அவர் பெயர் கிளாரன்ஸ் சீடோர்ஃப். சாம்பியன்ஸ் லீக் கோப்பையை மூன்று வெவ்வேறு கழகங்களுடன் வென்ற முதல் ஆட்டக்காரர் அவர்தாம்.

அவர் பிறந்தது தென்னமெரிக்காவின் வட கரையில் உள்ள சூரிநாமின் தலைநகரான பாராமரிபோவில், 1976 ஏப்ரல் முதல் நாள். டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்த அந்நாடு விடுதலை பெற்று அப்போது ஐந்து மாதங்கள்கூட நிறையவில்லை. கல்கத்தாவில் படிக்கும் நமக்கு அந்நாடு முற்றிலும் அயலானது அன்று. அடிமை முறை ஒழிந்த பின் சூரிநாமின் தோட்டங்களுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பலான 'லல்லா ரூக்' 1873இல் புறப்பட்டது இந்த நகரத்துத் துறையிலிருந்துதான். சீடோர்ஃப் ஆப்பிரிக்க வழியினர். அக்கூலிகளின் வழியினர் அல்லர். எனினும் அவர் பிறந்த மண் பிற கண்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களால் நிறைந்த மண் என்பதை மறக்க வேண்டாம்.

சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நெதர்லாந்தின் அல்மேர் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. கடல்நீரை அடைத்து எடுத்த நிலத்தில் எழுந்த புது ஊர் அது. அங்கே முதற் குடிகள் வந்து சேர்ந்ததும் 1976இல்தான். ஊருக்கும் பிள்ளைக்கும் ஒரே வயது. எல்லாரும் வந்தேறிகளாக இருக்கும் ஊரில் 'நீ எந்த ஊர்?' என்று யார் யாரைக் கேட்பது?

ஆம்ஸ்டர்டாம் நகரத்து அயாக்ஸ் கழகத்தில் பயின்று, 1992 நவம்பரில், 16 வயதும் 242 நாளும் ஆனபோது, முதல் அணியில் களமிறங்கினார். அக்கழகத்தில் அவ்வளவு இளவயதில் ஆடியவர் அதுவரை இல்லை. 2018 வரையும் இல்லை. 1995 மே மாதம் வியன்னாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அயாக்ஸ் மிலானை 1–0 என வென்றது. அப்போது அவருக்கு வயது 19. மாற்று ஆட்டக்காரராக வந்து கோலை அடித்த பாட்ரிக் குளூய்வர்ட்டுக்கு 18. குளூய்வர்ட்டின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அதே கோடையில் இத்தாலியின் சாம்ப்டோரியாவுக்குப் போனார், ஓராண்டுதான். அந்த ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மான் வழக்கில் தீர்ப்பு அளித்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விலையின்றி வேறு நாட்டுக் கழகத்துக்குப் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கு 'அயல்நாட்டார் இத்தனை பேர்தான்' என்ற வரம்பும் இல்லை. அயாக்ஸின் அந்த இளம் அணி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் கலைந்து இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் சிதறியதை இந்தத் தீர்ப்பை விட்டுவிட்டு விளக்க இயலாது. சீடோர்ஃப் தீர்ப்புக்கு முன்னமே புறப்பட்டுவிட்டவர். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

1996இல் ஸ்பெயினின் ரெயால் மாட்ரிட். அங்கே அவர் பெரும்பாலும் வலப்புறம் நிற்க வேண்டியிருந்தது. நடுவில் நின்று ஆட்டத்தை நடத்தப் பழகியவருக்கு ஓரத்துக் கோடு ஒரு தண்டனை போன்றது. அவர் ஆடினார். முதல் ஆண்டே ஸ்பெயினின் லீக் பட்டம். 1998இல் மீண்டும் ஐரோப்பியக் கோப்பை. அந்த இறுதி ஆட்டம் நடந்த இடம் ஆம்ஸ்டர்டாம்! விட்டுப்போன நகரத்துக்கே வேற்று அணியின் உடையில் வந்து கோப்பையைத் தூக்கினார்.

2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மிலான் நகரத்து இன்டர் கழகத்துக்குச் சென்றார். அங்கே நல்ல கோல்கள் சில உண்டு. பட்டம் ஒன்றும் இல்லை. 2002இல் இன்டர் அவரைத் தன் பகையணியான மிலானுக்குக் கொடுத்து, ஈடாகப் பிரான்செஸ்கோ கோக்கோ என்ற தற்காப்பு ஆட்டக்காரரைப் பெற்றுக்கொண்டது. நம் சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் ஆடுவதுபோல, சான் சீரோ மைதானம் அவ்விரண்டு கழகங்களுக்கும் பொது. ஆக, சீடோர்ஃப் வீடு மாற்றவில்லை. உடை மாற்றும் அறையை மாற்றினார், அவ்வளவே. கால்பந்து வணிகத்தில் இதைவிட மோசமான பண்டமாற்று ஒன்றை நான் படித்ததில்லை. அதற்கு முந்தைய ஆண்டு இதே இன்டர் பிர்லோவையும் மிலானுக்கு விட்டுக்கொடுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மிலானில்தான் அவர் முழுமை பெற்றார் என்பது என் எண்ணம். அங்கே பயிற்சியாளர் அன்செலோட்டி, பந்தை அனுப்புவதில் வல்லவர்கள் மூவரை ஒரே நடுக்களத்தில் நிறுத்தினார். பின்னால் பிர்லோ, இடப்புறம் சீடோர்ஃப், முன்னால் ரூயி கோஸ்டா. பிறகு அவ்விடத்தில் காக்கா. இவர்களுக்காகவும் சேர்த்து ஓட கத்தூசோ. இடப்புறத்தில் நின்ற சீடோர்ஃப், பந்தைப் பெற்றதும் உடம்பை எதிரிக்கும் பந்துக்கும் நடுவே வைத்து ஒரு நொடி நிறுத்துவார். மற்றவர்கள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர அந்த ஒரு நொடி போதும். படக்காட்சிகளில் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கைதட்டல் வாங்காத வேலை அது. ஆனால் அந்த நொடியை எடுத்துவிட்டால் காக்காவின் ஓட்டமே இல்லை.

2003இல் மாஞ்செஸ்டரில் மூன்றாம் கோப்பை. பெனால்டி உதைகளில் முடிவான அந்த ஆட்டத்தில் சீடோர்ஃபின் உதையை ஜுவென்டஸின் பூஃபோன் தடுத்துவிட்டார். ஆனாலும் மிலான் 3–2 என வென்றது. 2005இல் இஸ்தான்புல்லில் மூன்று கோல் முன்னிலையில் இருந்தும் லிவர்பூலிடம் தோல்வி. 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை வென்று நான்காம் கோப்பை. அதற்கு முந்தைய அரையிறுதியில் சொந்த மைதானத்தில் மாஞ்செஸ்டர் யுனைடெட்டை 3–0 என வீழ்த்தியபோது இரண்டாம் கோல் சீடோர்ஃபுடையது. பத்து ஆண்டுகள் அங்கே தங்கினார். நாடோடி என்று நான் தலைப்பிட்ட மனிதர் தம் ஆட்ட வாழ்வின் பாதியை ஓரிடத்தில் கழித்திருக்கிறார்!

கழகங்களில் இத்தனை வென்றவருக்கு நாட்டு அணியில் என்ன கிடைத்தது? 87 ஆட்டங்கள், 11 கோல்கள், கோப்பை இல்லை. 1996 ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில், பிரான்சுக்கு எதிராக, அவர் உதைத்த பெனால்டி தடுக்கப்பட்டது; அணி வெளியேறியது. அடுத்த ஆண்டு துருக்கிக்கு எதிராக மீண்டும் பெனால்டியைத் தாமே எடுத்துக்கொண்டார். பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. நாட்டு ரசிகர்கள் இதை எளிதில் மறக்கவில்லை. 2008இல் பயிற்சியாளர் வான் பாஸ்டனுடன் ஒத்துவராமல் அணியிலிருந்து தாமே விலகினார். அயல்நாட்டு அணிகளில் தம் வேலையைக் கண்டுகொண்டவருக்குச் சொந்த நாட்டு அணியில் அது கிடைக்கவில்லை. ஊரில் இருந்தால் எல்லாம் தானே அமையும் என்று நம்புகிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இதை நான் வீம்புக்காக எழுதவில்லை. வரும் மே மாதத்தோடு வேதியியலில் என் முதுகலைப் படிப்பு முடிகிறது. மதுரையிலிருந்து வந்த நான் இங்கேயே ஆய்வு தொடரலாமா, இன்னொரு நகரம் போகலாமா என்பது இன்னும் தீரவில்லை. தொலைபேசியில் பெரியப்பா, 'ஒரு இடத்திலே நிலைச்சு நிக்காதவன் என்னத்தப்பா சாதிப்பான்?' என்கிறார். அவர் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. சீடோர்ஃப் ஓராண்டு தங்கிய ஊரிலும் இரண்டரை ஆண்டு தங்கிய ஊரிலும் பட்டம் இல்லை. அவர் வென்றதெல்லாம் குறைந்தது இரண்டு மூன்று பருவமாவது ஆடிய இடங்களிலேயே.

மற்றப் பாதி மொழியில் இருக்கிறது. அவர் ஆறு மொழிகள் பேசுவார்: டச்சு, ஆங்கிலம், இத்தாலி, ஸ்பானிஷ், போர்த்துகீஸ், சூரிநாமின் ஸ்ரானன். களத்தில் மொழி என்றால் இலக்கணம் அன்று. 'பின்னாடி ஆள்' என்பதை அந்த ஊர்ச் சொல்லில் கேட்டதும் திரும்பத் தெரிவது. எங்கள் விடுதி அணியில் அந்த எச்சரிக்கை 'பிச்சோனே' என்று வரும். செவி அதைப் பொருளாக்கிக் காலுக்குச் சொல்லும் முன் பந்து போய்விடும். இப்போது நானே அப்படித்தான் கத்துகிறேன். மணிப்பூர் நண்பர் ஒருவர் எனக்குத் தமிழில் கத்துகிறார்!

2012இல், 36 வயதில், ரியோ நகரத்துப் பொட்டாஃபோகோ கழகத்தில் சேர்ந்தார். 2013இல் மாநிலப் பட்டம் வென்றதோடு பிரேசில் லீக்கில் நான்காம் இடம் பெற்று லிபர்ட்டடோரெஸ் போட்டிக்கும் அணி தகுதி பெற்றது. 2014 ஜனவரியில் ஆட்டத்தை விட்டு மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தார், ஜூனில் நீக்கப்பட்டார். பிறகு சீனாவின் ஷென்ஜென், ஸ்பெயினின் டிப்போர்ட்டிவோ. எங்கும் ஓராண்டு நிறையவில்லை. மொழிகள் அவையே, அறிவும் அதுவே. ஆனால் பயிற்சியாளருக்குப் பத்தாண்டு யாரும் தருவதில்லை. 2018இல் கேமரூன் நாட்டு அணியை ஏற்றபோது உதவியாளராக அவருடன் வந்தவர், வியன்னாவில் அந்தக் கோலை அடித்த குளூய்வர்ட். 2019 ஆப்பிரிக்கக் கோப்பையில் நைஜீரியாவிடம் 3–2 எனத் தோற்றார்கள். அம்மாதமே இருவரும் விடுவிக்கப்பட்டனர்.