பாப்காட் இயந்திரத்தின் ஒருபக்கச் சக்கரங்கள் ஓடாமை: காரணம் அறியும் முறை

சென்னையில் 1734-ஆம் ஆண்டில் நெசவாளர் குடியிருப்பாக ஏற்படுத்தப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையைப் போன்ற பழைய பேட்டைகளின் குறுகிய தெருக்களில், குப்பையும் வண்டலும் அள்ளுவதற்கு ஏற்றது பாப்காட் என்று வழங்கும் சிறு லோடர் இயந்திரம். ஆயினும் இது முதலில் தோன்றியது பண்ணைத் தொழிலுக்காகவே. 1957-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்தில் கெல்லர் சகோதரர் இருவர், வான்கோழிக் கொட்டகையின் எருவை அள்ளுவதற்கு இதன் முதல் வடிவத்தைச் செய்து கொடுத்தனர். ஆகையால் கோழிப்பண்ணையும் மாட்டுத் தொழுவமும் உடைய நிலச்சுவான்தார்களும், பஞ்சாயத்து அலுவலர்களும் இதன் பழுதறியும் முறையைத் தெரிந்துகொள்வது நலம்.

இதில் சக்கரங்கள் திரும்புவதில்லை. வலப்பக்கத்திற்கு ஒரு பம்பும் இடப்பக்கத்திற்கு ஒரு பம்பும் எஞ்சினால் சுழற்றப்படுகின்றன. ஒவ்வொரு பம்பும் தன் பக்கத்து மோட்டாருக்கு அழுத்தத்துடன் எண்ணெயை அனுப்ப, மோட்டார் செயின்களின் மூலம் அப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டையும் ஓட்டுகிறது. இருபக்கத்து வேக வித்தியாசத்தாலேயே வண்டி திரும்பும். ஒருபக்கம் நின்றுவிட்டால் வண்டி நேரே செல்லாது ஒரே இடத்தில் வட்டமிடும்.

எண்ணெய்த் தொட்டியும், பம்புகளுக்கு எண்ணெய் ஊட்டும் சிறு பம்பும் இருபக்கத்திற்கும் பொது. இவற்றில் குறையிருந்தால் இருபக்கமும் தளரும். ஒருபக்கம் மட்டும் கெட்டால் அப்பக்கத்து உறுப்புகளையே முதலில் ஆராய வேண்டும்.

சோதிக்குமுன் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வாளியைத் தரையில் இறக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாதவாறு உறுதியான கட்டைகளின்மேல் ஏற்ற வேண்டும். எண்ணெய்க் கசிவைக் கையால் தடவிப் பார்த்தல் ஆகாது. அழுத்தத்துடன் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே பாயும். அட்டைத் துண்டினால் பார்ப்பதே முறை.

1. லீவரிலிருந்து பம்பு வரையுள்ள இணைப்புத் தண்டு கழன்றுள்ளதா, பிரேக்கு விடுபடாமல் பிடித்திருக்கிறதா என்று பார்க்க. மின்சாரக் கட்டுப்பாடுள்ள வண்டிகளில் கம்பி இணைப்புகளையும் பார்க்க.

2. எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றுக. நல்ல பக்கத்துச் சக்கரம் அசையாமலிருக்க, பழுதான பக்கத்துச் சக்கரம் தாராளமாய்ச் சுழலுமாயின் செயின் அல்லது அச்சு முறிந்ததென அறியலாம்.

3. முன்னோக்கி மட்டும் அல்லது பின்னோக்கி மட்டும் பலம் குறைந்தால், அத்திசைக்குரிய அழுத்த வால்வைச் சந்தேகிக்க. இரு திசை வால்வுகளும் ஒரே வகையாயின் இடம் மாற்றுக. குறையும் திசை மாறினால் குற்றம் வால்வினுடையதே.

4. மேற்கண்டவை சரியாயிருந்தால், பம்புகளிலிருந்து மோட்டார்களுக்குச் செல்லும் குழாய்களை வலமிடமாக மாற்றி இணைக்க. குறை மறுபக்கத்துச் சக்கரங்களுக்குச் சென்றால் பம்பு பழுது. பழைய சக்கரங்களிலேயே நின்றால் மோட்டார் பழுது. எஞ்சினை நிறுத்தி அழுத்தம் தணிந்தபின்னரே குழாய்களைக் கழற்ற வேண்டும். தூசி புகாதவாறு வாய்களை உடனே அடைக்க வேண்டும்.

காலையில் நன்றாய் ஓடி, எண்ணெய் சூடேறியபின் தளர்வது உள்தேய்மானத்தின் அறிகுறி. சூட்டினால் இளகிய எண்ணெய் தேய்ந்த இடைவெளிகளின் வழியே நழுவிவிடும்.

பில்டரில் உலோகத் துகள் காணப்பட்டால் பம்பை மட்டும் மாற்றுவது வீண்செலவு. எண்ணெய் பொதுவாதலால் அத்துகள் புதிய பம்பையும் நல்ல பக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும். தொட்டியையும் குழாய்களையும் கழுவிப் புது எண்ணெயும் பில்டரும் இடுதல் அவசியம்.

உதிரிப்பாகம் வாங்கச் சிந்தாதிரிப்பேட்டையை அடுத்த புதுப்பேட்டைக்குச் செல்வோர், இச்சோதனைகளின் முடிவைக் குறித்துக்கொண்டு புறப்படுதல் உத்தமம். செயின் அறுந்ததற்குப் பம்பு வாங்கினால், பணமும் போய், வண்டியும் கொட்டகையிலேயே நிற்கும்.