வருமுன் காக்கும் துறை

மக்களின் உடல்நலம் பேணும் பணி இரு வகைப்படும். நோயுற்றவர்க்கு மருந்தளித்து அந்நோயைத் தீர்த்தல் ஒரு வகை. நோயே வாராவண்ணம் ஊரைக் காத்தல் மற்றொரு வகை. முன்னதைச் செய்வன மருத்துவமனைகள். பின்னதைச் செய்வது பொதுச் சுகாதாரத் துறை. நோய் தீர்ந்து வீடு திரும்பியவர் தம்மைக் குணப்படுத்திய மருத்துவரை வாழ்நாள் முழுதும் நினைத்துப் போற்றுவர். நோயே வாராமற் காக்கப்பட்டவரோ எவரையும் நினைப்பதில்லை; தமக்கு ஒரு தீங்கு நேரவிருந்தது என்பதனையே அவர் அறியார். பயன் கண்ணுக்குப் புலனாகாத இப்பணியை ஓர் அரசுத் துறை எவ்வாறு ஆற்றி வருகின்றது என்பதைத் தமிழ்நாட்டின் வரலாற்றைக் கொண்டு அறிவோம்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டிலிருந்த படைவீரருள், போரில் மாண்டவரைக் காட்டிலும் நோயால் மாண்டவரே மிகுதி. இதனை ஆராய்ந்த குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1864-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சுகாதார ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. முதலில் படைவீரரைக் கருதித் தொடங்கிய முயற்சி நாளடைவில் பொதுமக்களையும் தழுவி விரிந்தது. பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பாலை உண்டாக்குவதற்கென 1899-இல் கிண்டியில் ஒரு நிலையம் தோன்றியது. சுகாதார ஆணையராய் விளங்கிய கிங் என்பாரின் பெயரை அந்நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. 1922-இல் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனித்துறை அமைந்தது. 1939-இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இத்துறைக்கென முழுமையான சட்டம் முதன்முதல் இயற்றப்பெற்றது இங்கேதான். குடிநீர், கழிவுநீர், உணவுப்பொருள், தொற்றுநோய், சந்தை, திருவிழா ஆகிய யாவும் அச்சட்டத்துள் அடங்கும். ஒருவர் வீட்டின் தூய்மை அவர்க்கு மட்டும் உரியதன்று, ஊரார் அனைவர் நலத்தோடும் பிணைந்தது என்பதே அதன் உட்கருத்து.

இத்துறையினர் தொடுத்த போர்களுள் தலையாயது பெரியம்மையை எதிர்த்த போர். கொடிய வகைப் பெரியம்மை கண்ட பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் இறப்பர். பிழைத்தவர் முகத்தில் தழும்புகள் நிலைத்து நிற்கும். சிலர் கண்ணொளி இழப்பர். அம்மைப்பாலுடன் ஊர் ஊராகச் சென்ற பணியாளரைக் கண்டதும் கதவடைத்தவர் பலர். குழந்தைகளை ஒளித்து வைத்தவர் பலர். நோயைத் தெய்வத்தின் சீற்றமெனக் கருதியோரும் இருந்தனர். பணியாளர் சினந்து பேசினாரல்லர். மறுநாளும் அவ்வாயிலில் வந்து நின்றனர். பிற்காலத்தில், நோய் கண்ட வீட்டைத் தேடிக் கண்டறிந்து, சுற்றியுள்ளோர் அனைவர்க்கும் உடனே அம்மை குத்தும் முறை கையாளப்பட்டது. 1975-ஆம் ஆண்டிற்குப் பின் இந்தியாவில் அந்நோய் எவர்க்கும் தோன்றவில்லை. 1980-இல், உலகினின்றே பெரியம்மை ஒழிந்தது என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது.

தடுக்க ஊசி உண்டு என்பதால் பெரியம்மையை வெல்ல முடிந்தது எனச் சிலர் கூறலாம். தடுப்பூசியோ தீர்க்கும் மருந்தோ இல்லாத நோய் ஒன்றையும் இத்துறை வென்றிருக்கின்றது. அதுவே நரம்புச் சிலந்தி நோய். படிக்கட்டுக் கிணற்று நீரில் வாழும் மிக நுண்ணிய பூச்சிகளின் உடலுள் இந்நோய்ப் புழுவின் குஞ்சுகள் தங்கியிருக்கும். அந்நீரைப் பருகியவரின் உடலுள் புழு ஓராண்டளவு வளர்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையதாகிக் காலில் கொப்புளம் தோற்றுவித்து வெளிப்படும். எரிச்சல் தாளாமல் நோயாளி கிணற்று நீரில் காலை நனைப்பார். உடனே புழு ஆயிரக்கணக்கான குஞ்சுகளை அந்நீரில் உகுக்கும். இவ்வாறு நீரினின்று மனிதர்க்கும் மனிதரினின்று நீருக்கும் நோய் சுழன்று வந்தது. சுகாதாரப் பணியாளர் இச்சுழற்சியை ஓரிடத்தில் அறுத்தனர். இறங்கி நீர் எடுக்கும் கிணறுகளை மூடி, மேலிருந்து இறைக்கும் கிணறுகளாக மாற்றச் செய்தனர், கைக்குழாய்கள் அமைப்பித்தனர், நீரைத் துணியால் வடிகட்டிப் பருகக் கற்பித்தனர். தமிழ்நாடு 1980-களிலேயே இந்நோயினின்று விடுபட்டது. 2000-ஆம் ஆண்டில் இந்தியா முழுதும் விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய பெருஞ்செயல்களுக்கு அடிப்படையாவன நாள்தோறும் நிகழும் சிறு செயல்களே. சமவெளிப் பகுதியில் ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது வகுக்கப்பட்ட அளவு. அங்குள்ள கிராமச் சுகாதாரச் செவிலியர், கருவுற்ற தாய்மாரைப் பதிவு செய்து, குழந்தைகளுக்கு உரிய நாளில் தடுப்பூசி இடுகின்றார். சுகாதார ஆய்வாளர் குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலந்துள்ளதா என ஆய்கின்றார். தொட்டியருகே உள்ள குழாயோடு அவர் நின்றுவிடுவதில்லை. தெருவின் கடைசிக் குழாய்வரை செல்கின்றார். அங்கும் ஒரு லிட்டர் நீரில் 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருந்தால்தான் வழியில் நீர் கெடவில்லை எனத் துணியலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாள்களில் சிறகு முளைத்துப் பறக்கின்றது. ஆதலின் வாரம் ஒருமுறை நீர்க்கலங்களைத் தேய்த்துக் கழுவுமாறு வீடுதோறும் பணியாளர் வற்புறுத்துகின்றனர்.

இவ்வாறு நாள்தோறும் பழகிய கைகளின் பயன், பேரிடர்க் காலத்தில் விளங்கும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். வீடிழந்தோர் முகாம்களில் நெருங்கித் தங்கினர். கிணறுகளில் உப்புநீர் புகுந்தது, கழிப்பிடங்கள் போதவில்லை. வாந்திபேதியும் தட்டம்மையும் பரவுமோ என யாவரும் அஞ்சினர். பிற மாவட்டங்களினின்று சுகாதாரப் பணியாளர் விரைந்து வந்து குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு சாரார் குடிநீரில் குளோரின் கலந்து, நாள்தோறும் அதனைச் சோதித்தனர். ஒரு சாரார் குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி இட்டனர். ஒரு சாரார் அழுகியவற்றை அகற்றி வெளுப்புத்தூள் தூவினர். மற்றையோர் முகாம்தோறும் சென்று, காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டவர் உளரோ என வினவிக் கணக்கெடுத்தனர். கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. கடலால் இறந்தோரின் தொகையை நாடறியும். நோய்க்கு இரையாகாமல் தப்பியோரின் தொகையை எவரும் எண்ணிக் கூற இயலாது.

பயன் புலனாகாத பணிக்கு நேரும் பெரிய இடையூறு மறதியாகும். ஒரு நோய் கண்ணில் படாதபோது, அதற்கு ஊசி எதற்கு என்னும் எண்ணம் எழுகின்றது. தொண்டை அடைப்பான் நோயை நேரில் கண்டறியாத பெற்றோர் இன்று பலர். அது காணப்படாமைக்குக் காரணம் தடுப்பூசியே என்பதை மறந்து ஊசியைக் கைவிட்டால், நோய் மீண்டும் தலைதூக்கும். குழந்தைப் பருவத்தில் பெற்ற தடுப்பாற்றல் காலப்போக்கில் குறைவதனாலேயே, பத்தாம் வயதிலும் பதினாறாம் வயதிலும் அந்நோய்க்கும் இரணசன்னிக்கும் உரிய ஊசி மீண்டும் இடப்படுகின்றது.

மாணவர்களே! அவ்வூசி இடும் நாளில் அஞ்சி ஒளியாதீர். நும் வீட்டு நீர்க்கலத்தை வாரந்தோறும் கழுவும் பொறுப்பை நீவிரே ஏற்பீராக. சுகாதாரப் பணியாளர் வாயிலில் வந்து நின்று வினவும்போது, அவரை வரவேற்று உண்மையான விடை கூறுவீராக. துறை எத்துணைப் பெரிதாயினும், வீட்டுக் கதவு திறந்தால் அன்றி அதன் பணி உள்ளே நுழையாது. ஊர்நலம் காக்கும் தொண்டில் அரசுக்குப் பாதி, மக்களுக்குப் பாதி என்பதை உணர்ந்து ஒழுகுவோமாக.