காவலே தீங்காகும்போது

கல்லீரலின் எடையில் கொழுப்பு 5 விழுக்காட்டைக் கடந்தால் அது கொழுப்புக் கல்லீரல் எனப்படும். மது அருந்தாதவர்க்கும் சிறுவர்க்கும்கூட இது வரும். தொடக்கத்தில் வலி இராது; ஆதலால் பலர் அறியார்.

கல்லீரலில் குப்ஃபர் செல்கள் என்னும் காவற்செல்கள் உள்ளன. குருதியில் வரும் கிருமிகளை விழுங்குவது அவற்றின் பணி. கொழுப்பு மிகுந்து கல்லீரல் செல்கள் சிதையும்போது, இவை பிற வெள்ளணுக்களையும் துணைக்கு அழைக்கின்றன, அழற்சி உண்டாகிறது. அது நீடித்தால் தழும்பு படிந்து, கல்லீரல் இறுகும். தொடக்கத்திலேயே உணவைச் சீர்செய்து, ஓடியாடி, மிகை எடையைக் குறைத்தால் கொழுப்பு குறையும்; அழற்சியும் தணியும்.

சொற்பொருள்: குருதி – இரத்தம், மிகை – அளவுக்கு மேற்பட்டது.

வினா: உடலைக் காக்கும் செல்களே கல்லீரலுக்குத் தீங்காவது எவ்வாறு?