வந்தவரின் வேலை முடியட்டும்

கண்ணு, இணையதளம் வடிவமைக்கும் வேலையில் இப்போதுதான் காலெடுத்து வைக்கிறாய். கருவிகளும் நிரல்மொழிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை நீயே கற்றுக்கொண்டுவிடுவாய். இந்த வேலைக்கு வேண்டிய மனசைப் பற்றிச் சிலது சொல்கிறேன், கேள்.

1. வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதை முதலில் தெரிந்துகொள். ஒரு மருத்துவமனையின் முகப்புப் பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். கட்டடத்தின் படங்கள் மாறி மாறி ஓடின, தலைவரின் வாழ்த்துச் செய்தி இருந்தது. அவசர சிகிச்சைக்கான போன் எண் மட்டும் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. நெஞ்சுவலி வந்த அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டு மகன் தேடுவது அந்த எண்ணைத்தான். பணம் கொடுப்பவர் சொல்வதை மரியாதையாகக் கேள். ஆனால் அந்த மகனுக்காகப் பேசு. அவனுக்கென்று பேச அங்கே வேறு ஆள் இருக்க மாட்டார்கள்.

2. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டும் ஆசையை அடக்கு. தேடல் பெட்டி மேலே இருக்கும், லிங்க் பார்த்ததுமே லிங்க் என்று தெரியும் என்று மக்கள் பழகியிருக்கிறார்கள். பழகின வழிக்கு விளக்கு வேண்டாம். ஸ்டீவ் க்ரக் என்பவர் 2000இல் எழுதி, இந்தத் தொழிலில் பலரும் படிக்கும் புத்தகத்தின் தலைப்பே 'என்னை யோசிக்க வைக்காதே' என்பதுதான். அதை மனசில் வைத்துக்கொள்.

3. அடுத்தவர் நேரத்தையும் டேட்டாவையும் உன்னுடையதைப்போல் மதி. ஜேக்கப் நீல்சன் என்ற பயன்பாட்டு ஆய்வாளர் 1993லேயே கணக்குச் சொன்னார்: 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். உன் மேசையில் பறக்கும் பக்கம், சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊரில் நகராது. விலை குறைந்த பழைய போனில் திறந்து பார்த்த பிறகே வேலை முடிந்தது என்று சொல்.

4. தேவையானதை மட்டும் கேள். தவறு நேர்ந்தால் கடிந்துகொள்ளாதே. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று நின்ற படிவத்தின் முன் திகைத்து உட்கார்ந்திருந்தார். இனிஷியலோடு வாழ்ந்த மனிதர் கடைசிப் பெயருக்கு எங்கே போவார்? 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் காட்டுவதில் யாருக்கும் பயனில்லை. 'பின்கோடு 6 இலக்கம், ஓர் இலக்கம் குறைகிறது' என்று சொல். நிரப்பிய மற்ற விவரங்களை அழித்துவிடாதே.

5. உன் கண்ணைப்போலவே எல்லார் கண்ணும் இருக்கும் என்று எண்ணாதே. திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை உருவாக்கியவர்கள், பார்வையற்ற ஆஸ்திரேலியர்களான மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும். அதை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு உன் பக்கத்தை ஒருமுறை கேள். விவரம் எழுதாத படங்களும் பெயரில்லாத பட்டன்களும் என்ன பாடு படுத்துகின்றன என்று புரியும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்பது, இணையத் தரங்களை உருவாக்கும் டபிள்யூ3சி அமைப்பு வகுத்த அளவு. தமிழை ஒருபோதும் படமாக ஒட்டாதே. அதைத் தேடவும் முடியாது, திரை வாசிக்கும் மென்பொருளால் படிக்கவும் முடியாது. நம் எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் குறிகள் உண்டு. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடு.

6. யாரையும் ஏமாற்றும் பக்கத்தைச் செய்யாதே. சந்தாவில் சேர ஒரே தட்டு, விலக ஒன்பது பக்கம் என்று செய்யச் சொல்வார்கள். கேட்காமலே கூடையில் ஒரு பொருளைச் சேர்க்கச் சொல்வார்கள். இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களை இந்திய அரசு 2023இல் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், உன் அம்மா மாட்டிக்கொள்ளக்கூடிய வலையை நீ பின்னக் கூடாது.

7. செய்து முடித்ததும் ஒருவரை உட்கார வைத்துப் பார். உதவி செய்யக் கை துடிக்கும், பேசாமல் இரு. 5 பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். அவர்கள் தடுமாறினால், "எனக்கு இதெல்லாம் தெரியாதுப்பா" என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அந்தப் பழியை அவர்கள் சுமக்க விடாதே. குறை பக்கத்தில் இருக்கிறது, திருத்த வேண்டியவன் நான் என்று சொல்லும் பணிவு உனக்கு வேண்டும். அது இருந்தால் மற்றதெல்லாம் தானே கைகூடும். இப்போது செய்துகொண்டிருக்கும் பக்கத்தை நாளைக்கே, கம்ப்யூட்டர் பழகாத ஒருவர் கையில் கொடு. பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார், கண்ணு.