மேடைக்கு வராத வருடங்கள்

கணபதி,
கோயமுத்தூர்.

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்புச்சி எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. ‘சமூக மாற்றமும் புத்தாக்கமும்’ என்று உங்கள் கல்லூரியில் பேச்சரங்கம் வைத்திருக்கிறீர்கள். ஆளுக்குப் பதினெட்டு நிமிடம். பேசுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு உனக்கு. யாரைக் கூப்பிடலாம், என்ன கேட்கலாம் என்றாய். நாற்பது வருடம் லேத்துப் பட்டறையில் நின்றவனிடம் இதைக் கேட்க உனக்குத் தோன்றியதே, அதிலேயே எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ராத்திரி முழுக்க யோசித்துத்தான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் பட்டியலில் முதல் பெயர் அருணாச்சலம் முருகானந்தம். நல்ல தேர்வு கண்ணு. நம்ம ஊர்க்காரர், கைத்தறி நெசவாளர் வீட்டுப் பிள்ளை. அப்பா விபத்தில் போய்ச் சேர்ந்ததும் பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வெல்டிங் பட்டறைக்கு வேலைக்குப் போனவர். 2014இல் டைம் பத்திரிகையின் நூறு பேர் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2016இல் பத்மஸ்ரீ. 2018இல் இந்தியில் படமே வந்துவிட்டது. இதெல்லாம் உனக்குத் தெரியும். உன் கூட்டாளிகளுக்கும் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், இதையெல்லாம் அறிமுக உரையில் இரண்டு வரியில் முடித்துவிடு.

அவர் கதை தொடங்குவது 1998இல், கல்யாணமான புதிதில். மனைவி சாந்தி எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்து எடுத்துப் போகிறார். என்ன என்று கேட்டால் சொல்லவில்லை. பிறகுதான் தெரிகிறது, மாதவிலக்குக்கு எடுத்துவைத்த பழந்துணி. கடையில் விற்கிற நாப்கினை வாங்கக் கூடாதா என்றால், அதை வாங்கினால் வீட்டுப் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்கிறார் சாந்தி.

இதை முதன்முதலில் பேப்பரில் படித்த அன்று நான் வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். வேலையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விரல் நுனியில் கண்டுபிடிக்கிறவன் நான். உன் அமுச்சியோடு முப்பத்தைந்து வருடம் வாழ்ந்தேன். கொல்லைக் கொடியில், சேலைக்கு அடியில் ஒளித்துக் காயப்போட்ட துணியை ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பார்த்திருப்பேன், கேட்டதில்லை. அது பொம்பளைகள் சமாச்சாரம் என்று இருந்துவிட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க இப்போது அவள் இல்லை. அதனால் உன்னிடம் சொல்லிவைக்கிறேன்.

பஞ்சு விளைகிற சீமையில் பிறந்தவர், அந்த நாப்கினுக்குள் இருப்பதும் பஞ்சு என்றே முருகானந்தம் நினைத்தார். பஞ்சை வைத்து ஒன்று செய்து மனைவியிடம் கொடுத்தார், சரிப்படவில்லை. மாற்றிச் செய்தார், அதுவும் சரிப்படவில்லை. மாதம் ஒரு தடவைதானே சோதிக்க முடியும்? தங்கச்சிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். மருத்துவக் கல்லூரி மாணவிகளைத் தேடிப் போனார். கடைசியில் கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு நடந்தார். ஊர் தப்பாகப் பேசியது. சாந்தி தாய் வீட்டுக்குப் போய்விட்டார், பிறகு அம்மாவும் போய்விட்டார். உள்ளே இருப்பது பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் பிடித்தது. அதைச் செய்யும் வெளிநாட்டு மெஷினின் விலை மூன்றரைக் கோடி. கூழை அரைக்க, அச்சில் அமுக்க, துணி சுற்ற, கிருமி நீக்க என்று வேலையை நாலாகப் பிரித்து, பட்டறையில் செய்யக்கூடிய சின்ன மெஷின்களாக ஆக்க இன்னும் நாலு வருடம். ஆரம்பத்தில் அறுபத்தையாயிரம் ரூபாய் அளவில் அடங்கியது. அரைக்கிற மெஷின் நம் வீட்டு மிக்ஸிக்கு அண்ணன் மாதிரி இருக்கும். பட்டறைக்காரன் கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும் அம்மிணி.

நான் உன்னிடம் சொல்ல வந்தது இந்த வருடங்களைப் பற்றித்தான். பதினெட்டு நிமிடத்தில் பேசுகிறவர் எல்லாரும் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிடுவார்கள். கை தட்டுவோம், போட்டோ எடுப்போம். நடுவில் உள்ள வருடங்களுக்கு மேடையில் இடம் இருக்காது. நீ இடம் ஒதுக்கு. ஆறு பேர் பேசுவதை நாலு பேராகக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னாலும் அரை மணி நேரம் கேள்விக்கு விடு. அன்றாடச் சாப்பாட்டுக்கு யார் காசு கொடுத்தார்கள்? கடன் யாருடைய பேரில் இருந்தது? பேசுகிறவர் முயற்சி செய்துகொண்டிருந்த காலத்தில் வீட்டில் இருந்தவர்கள் என்ன பட்டார்கள்? உன் வகுப்பில் கல்விக் கடன் வாங்கிப் படிக்கிற பையன் ஒருத்தன் இருப்பான், அவனுக்குத் தேவைப்படுவது இந்தப் பதில்கள்தான்.

இன்னொன்று. மெஷின் ஓடத் தொடங்கியதும் அதை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றிருந்தால் முருகானந்தம் அன்றே பணக்காரர். விற்கவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பெண்களே செய்து, பெண்களே விற்கிறார்கள். கடைக்காரரிடம் வாய் திறந்து கேட்கக் கூசுகிற பொண்ணு, பக்கத்து வீட்டு அக்காவிடம் கூசாமல் வாங்குவாள். என் கணக்கில் மெஷினைவிட இந்த முடிவுதான் பெரிய கண்டுபிடிப்பு. ஆகவே அவரைக் கூப்பிட்டால் அவரோடு நிறுத்தாதே. அந்த மெஷினை ஓட்டுகிற ஒரு குழுவிலிருந்து ஒரு அம்மாவையும் கூப்பிடு. மெஷின் பழுதானால் என்ன செய்கிறார்கள், கூழ் விலை ஏறினால் எப்படிச் சமாளிக்கிறார்கள், கம்பெனிச் சரக்கு தள்ளுபடியில் வரும்போது விற்பனை என்ன ஆகிறது என்று அவர்தான் சொல்ல முடியும். தனி ஒருவரால் எல்லாம் நடந்துவிடவும் இல்லை. நம் மாநில அரசு 2011இல் ‘புது யுகம்’ திட்டத்தை அறிவித்து வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் கொடுக்கத் தொடங்கியது. 2017இல் நாப்கினுக்குப் போட்ட பன்னிரண்டு சதவீத ஜிஎஸ்டியை, நாடு முழுக்கப் பெண்கள் எதிர்த்துப் பேசிய பிறகு, 2018 ஜூலையில் எடுத்தார்கள். அந்தப் பெண்களும் இந்தக் கதையில் வர வேண்டியவர்கள்.

உன் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைச் சொல்கிறேன், ஓடந்துறை. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்துப் பஞ்சாயத்து. 1996இலிருந்து பத்து வருடம் சண்முகம் என்பவர் அங்கே தலைவர். குடிதண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் ஆகிற மின்கட்டணம் பஞ்சாயத்து வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. பஞ்சாயத்துச் சேமிப்பு நாற்பது லட்சம், வங்கிக் கடன் ஒரு கோடியே பதினைந்து லட்சம் என்று போட்டு, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப் பக்கம் நிறுத்தினார்கள். தங்கள் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள். இதில் புதிதாகக் கண்டுபிடித்த சாமான் ஒன்றும் இல்லை. காற்றாலை நம்ம ஊருக்குப் பழசு. ஒரு கிராமப் பஞ்சாயத்து வங்கிக்குப் போய் அவ்வளவு பெரிய தொகைக்குக் கடன் கேட்டதுதான் புதுசு. இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள், சாமான் இல்லாவிட்டால் அது புத்தாக்கம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

சாமான் நல்லதாக இருந்தாலும் அதற்குப் பின்விளைவு உண்டு. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் இங்கே மோட்டார் செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோம். பெருமைதான். என் அப்பா மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர், மோட்டார் வந்த அன்று மாட்டுக்கு விடுதலை என்று பொங்கல் வைத்தார். நானும் என் பட்டறையில் ஆயிரக்கணக்கான பம்பு ஷாஃப்ட் கடைந்து கொடுத்திருக்கிறேன். அவிநாசிப் பக்கத்து எங்கள் தோட்டத்துக் கிணறு என் காலத்திலேயே வற்றியது. பிறகு போர் போட்டோம், ஆயிரம் அடி தாண்டியும் புகைதான் வந்தது. இறைக்கிற வேகத்தைக் கூட்டினோமே தவிர, நிலத்துக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளக்கவில்லை. நான் அளக்கவில்லை. அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு நம்ம விவசாயிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள். பவானி உபரி நீரை மேடேற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிற திட்டம். அதே பம்புதான், இந்த முறை குளத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. அந்தப் போராட்டத்தில் இளவட்டமாகச் சேர்ந்து, நரைத்த பிறகு தண்ணீரைப் பார்த்த விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு உன் மேடையில் ஒரு நாற்காலி போடு.

அவர்களை இங்கிலீஷில் பேசச் சொல்லாதே. நிகழ்ச்சி முழுக்க இங்கிலீஷ் என்று நீ சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பட்டறையில் வேலை கற்றவருக்கும், குழு நடத்துகிற அம்மாவுக்கும், தோட்டக்காரருக்கும் அவரவர் தமிழில்தான் விஷயம் முழுசாக வரும். “ஏனுங்க” என்று தொடங்கட்டும், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் போயிற்று. முன்வரிசை நாற்காலிகளில் பாதியை, உங்கள் விடுதிச் சமையல்காரர்களுக்கும் துப்புரவு வேலை பார்க்கும் அம்மாக்களுக்கும் வைக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் கேட்டுப் பார். முடியாது என்று சொன்னால் இன்னொரு தடவை கேள்.

கூப்பிடப் போகிறவர்களை முதலில் அவர்கள் இடத்தில் போய்ப் பார்த்துவிட்டு வா. போனில் தேதி கேட்டுக் குறித்துக்கொள்வது மரியாதையும் இல்லை, அதில் ஒன்றும் தெரிந்துகொள்ளவும் முடியாது. சனிக்கிழமை உனக்கு வகுப்பு இல்லை அல்லவா? காலையில் கோவை ஜங்ஷனுக்கு வந்துவிடு. மேட்டுப்பாளையம் வண்டியில் போய் ஓடந்துறையைப் பார்த்துவிட்டு வரலாம். மதியச் சாப்பாட்டுக்கு உன் அத்தையிடம் தயிர்சாதம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்புச்சி