குண்டூசியும் மூட்டுத் தையலும்

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள் பெரியோர்கள். தையற்பெட்டியில் அத்தகைய துரும்பு குண்டூசி. கத்தரிக்கோலுக்கும் தையல் இயந்திரத்துக்கும் நாம் காட்டும் மரியாதையை அதற்குக் காட்டுவதில்லை. ஆயினும், வெட்டிய இரு துணிகளை அளவு பிசகாமல் மூட்ட வேண்டுமானால் குண்டூசியின் துணை வேண்டும். அதை எப்படிக் குத்துவது, ஏன் அப்படிக் குத்துவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

குண்டூசிக்குப் பொருளாதார நூலிலும் இடமுண்டு. 1776-இல் ஆடம் ஸ்மித் என்னும் அறிஞர் தொழிற்பங்கீட்டை விளக்கக் குண்டூசித் தொழிலையே எடுத்துக்காட்டினார். ஒரு குண்டூசி செய்ய ஏறத்தாழ 18 வேலைகள் உள்ளன. அவற்றைப் பங்கிட்டுக்கொண்ட 10 பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசிகள் செய்தனர் என்று எழுதினார். கம்பி இழுத்தல், நறுக்குதல், கூராக்குதல், தலை பொருத்துதல் என்று பலர் கைபட்டு வந்த பொருளை நாம் தரையில் சிந்திவிட்டுப் போகலாமா?

இனி, துணி ஏன் நகர்கிறது என்று பார்ப்போம். தையல் இயந்திரத்தில் துணிக்கு அடியில் பற்கள் உள்ளன. அவை கீழ்த் துணியைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளுகின்றன. மேலே உள்ள பாதமோ மேல் துணியை அழுத்தி நிறுத்துகிறது. ஆகவே கீழ்த் துணி விரைந்து செல்ல, மேல் துணி சிறிது சிறிதாகப் பின்தங்குகிறது. ஒரு தையலில் இது கண்ணுக்குத் தெரியாது. பாவாடையின் இடுப்பில் தொடங்கி அடிவரை போய்ச் சேரும்போது மேல் துணி அரை அங்குலம் நீண்டு நிற்கும். வெட்டியவர் மேல் தவறில்லை. துணி நகர்ந்ததே காரணம்.

இதைத் தடுக்க நாங்கள் தையல் வகுப்பில் கைக்கொள்ளும் முறை இது. முதலில் இரு துணிகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி மேசைமேல் பரப்ப வேண்டும். மடியில் வைத்துக் குத்தினால் துணி தொங்கி இழுபடும். முதல் ஊசி ஒரு முனையில், இரண்டாவது மறுமுனையில், மூன்றாவது நட்டநடுவில். பின்னர் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் குத்திக்கொண்டே வர வேண்டும். ஒரு முனையிலிருந்து வரிசையாகக் குத்திக்கொண்டு போனால், மிச்சமெல்லாம் கடைசியில் வந்து குவியும். நடுவைப் பிடித்துக் குத்தும்போது, சிறு வேறுபாடு இருந்தாலும் அது நீளமெங்கும் பரவி மறைந்துவிடும்.

ஊசி தையற்கோட்டுக்குக் குறுக்காக நிற்க வேண்டும். அதன் தலை வலப்புறத்தில், துணியின் ஓரத்துக்கு வெளியே ஒரு நெல்லளவு நீண்டிருந்தால் உருவ எளிது. இரண்டு மூன்று இழைகளை மட்டும் கோத்தால் போதும். அதிகம் கோத்தால் துணி சுருங்கும். நேரான பருத்தித் துணிக்கு மூன்று அங்குலத்துக்கு ஓர் ஊசி போதும். கைக்குழிபோல் வளைந்த இடத்துக்கும் வழுக்கும் துணிக்கும் ஓர் அங்குலத்துக்கு ஒன்று வேண்டும்.

துணிக்குத் துணி முறை மாறும். நம் தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிப் பக்கம் சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் கைத்தறிக்குப் பெயர் பெற்றவை. நெசவாளர் இழை எண்ணி நெய்த கட்டத்தை மூட்டில் கோணலாக்குவது அவர் உழைப்பைக் கெடுப்பதாகும். மேல் துணியின் கோட்டில் குத்திய ஊசி, கீழ்த் துணியின் அதே கோட்டில் வெளிவருகிறதா என்று புரட்டிப் பார்த்த பிறகே அடுத்த ஊசியைத் தொட வேண்டும். உள்பாவாடைக் கலியில் சாய்வாக வெட்டிய ஓரம் இழுத்தால் நீளும். அதை இழுக்காமல் கீழே வைத்து, நேர் ஓரத்தை மேலே வைத்து, நெருக்கமாகக் குத்த வேண்டும். பட்டில் விழுந்த துளை எளிதில் மறையாது. எனவே தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும் மெல்லிய ஊசியால் குத்துவது நல்லது.

கவனிக்க வேண்டிய ஆபத்தும் உண்டு. குண்டூசி மேலேயே இயந்திரத்தை ஓட்டினால் இயந்திர ஊசி முறிந்து கண்ணில் தெறிக்கலாம். பாதம் நெருங்குமுன் நிறுத்தி, ஊசியை உருவிய பிறகே ஓட்ட வேண்டும். ஊசிகளை உதட்டில் கவ்விக்கொள்வது பலரின் பழக்கம். ஒரு தும்மல் போதும், தொண்டைக்குள் போய்விடும். குத்தும்போது எண்ணி, உருவியதும் மீண்டும் எண்ண வேண்டும். ஏற்றுமதி ஆடை தைக்கும் தொழிற்சாலைகளில் ஊசி முறிந்தால், எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே புதிய ஊசி தருவது வழக்கம். குழந்தை அணியும் சட்டையில் ஒரு ஊசி தங்கினால் என்னவாகும் என்று எண்ணினால் இதன் அவசியம் விளங்கும்.

ஊசிக்குப் பகை துரு. சாரல் வீசும் நாட்களில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றே ஈரமாயிருக்கும். துருப்பிடித்த ஊசி வெள்ளைச் சீருடையில் விட்ட கறை சலவையில் போகாது. ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தைக்கு நம் போடிப் பக்கத்து இலவம் பஞ்சே ஏற்றது. அது நீரை எளிதில் உறிஞ்சாது. காகிதங்களைச் சேர்த்துக் குத்தும் தடித்த குண்டூசியைத் துணிக்குப் பயன்படுத்தலாகாது.

இதெல்லாம் சின்ன விஷயமா? நம் ஊர்களில் எத்தனையோ தாய்மார்கள் ஜாக்கெட் தைத்த கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். அரசு வழங்கும் இலவசச் சீருடைகளை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்துத் தருகின்றனர். ஒரு துணி கெட்டால் அதைப் பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. அந்நியர் துணியாயின் அதன் விலையையும் கொடுக்க நேரலாம். குண்டூசி குத்த ஆகும் ஐந்து நிமிடம், பிரித்துத் தைக்கும் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பதறாத காரியம் சிதறாது. தோழியரே, அடுத்த முறை இயந்திரத்தின் முன் அமருமுன், மேசைமேல் துணியைப் பரப்பி முதல் ஊசியை நிதானமாகக் குத்துவோம்!